இரண்டு சிவப்பு வளையங்கள்

மாடிப்படிக்குக் கீழே இருந்த சிற்றறையின் கதவைத் திறந்ததும் அவருக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. ஒன்பது புட்டிகளும் நின்றது நின்றபடியே நின்றன. அவற்றுக்கு மேலே, சமையலறைத் தொட்டியின் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் குழாய் சுவரோடு ஓடிற்று. அதன் உடைந்த மூட்டில் அவர் போன வருடம் சுற்றிவைத்த கந்தல் துணி அப்படியே தொங்கிற்று. ஆயினும் ஏதோ குறைகிறது என்று கண் சொல்லிற்று. எது என்று மனம் பிடித்துக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. புட்டிகளின் கழுத்துகள் வெறுமையாக இருந்தன.

அவர் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். வேலையில் மிஞ்சுகிற மருந்தைக் கொட்ட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய குளிர்பானப் புட்டிகளில் ஊற்றிவைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். பெயர் எழுதி ஒட்டியதே இல்லை. கழுத்தில் இரண்டு சிவப்பு ரப்பர் வளையங்கள் இருந்தால் ஆசிட், தொடக்கூடாது. ஒரு பச்சை வளையம் இருந்தால் ப்ளீச்சிங் கரைசல். எழுதி வைத்தால் கை தேய்ந்தா போய்விடும் என்று மனைவி கேட்கும்போதெல்லாம், தன் சரக்கு தனக்குத் தெரியாதா என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

"ஏய் வாலு! இங்க வா."

ஐந்து வயது மகள் ஓடிவந்தாள். இரண்டு சடைகளிலும், இரண்டு மணிக்கட்டுகளிலும் வண்ண வண்ணமாக ரப்பர் வளையங்கள்.

"இதெல்லாம் எங்கேர்ந்து எடுத்தே?"

"நீங்க தாழ்ப்பாள் போடறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனே!" என்றாள் பெருமையாக.

"எது எந்த பாட்டில்ல இருந்துச்சு? ஞாபகம் இருக்கா கண்ணு?"

"ஓ, இருக்கே. எல்லாமே கழுத்துலதான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. வேலையிடத்திலிருந்து மனைவி.

"என்னங்க, மருந்துக் கழிவு வண்டி அஞ்சு மணிக்குத் தெருமுனைக்கு வருது. ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதியிருக்கணும். இல்லன்னா வாங்க மாட்டாங்களாம்."

"எல்லாம் ஆச்சு."

"நெசமாவே ஆச்சா, இல்ல எப்பவும் சொல்ற ஆச்சா?"

"ஆச்சுன்னா ஆச்சு."

"நான் வரும்போது அதுல ஒண்ணு கூட வீட்டுல இருக்கக்கூடாது. கொழந்தை இருக்கிற வீடுங்க."

அவர் ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்தார். அடுத்ததையும் முகர்ந்தார். இருபது ஆண்டுகள் ஆசிட் நெடியில் வெந்த மூக்கு, எதுவும் சொல்லவில்லை. ஒன்பதும் தண்ணீரைப் போலத் தெளிந்திருந்தன. எது என்ன என்று தெரியவில்லை என வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உலகத்தில் உள்ள வார்த்தைகளுள் அந்த ஒன்று மட்டும் அவருக்கு வாயில் வருவதே இல்லை. கொட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அப்பா, ஒளிஞ்சு வெளையாடலாமா?"

"நீ போய் ஒளிஞ்சுக்கோ. அப்பா எண்ணிட்டு வந்து தேடறேன்."

"நூறு வரைக்கும் எண்ணணும். ஏமாத்தக்கூடாது!"

புட்டிகளை இரண்டு நடையாகச் சமையலறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, சிற்றறையின் கதவைக் காலால் தள்ளிச் சாத்தி, புதுத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். மகள் உள்ளே போய்விடக்கூடாது என்று முந்தாநாள்தான் பொருத்தியது. குனிந்து உள்ளே பார்க்கவில்லை. காலி அறையில் பார்க்க என்ன இருக்கிறது?

வெளியே மழை. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சமையலறையில் பகல் வெளிச்சம் அழுக்குத் தண்ணீரின் நிறத்தில் தேங்கிக் கிடந்தது. தொட்டியின் துளை, இமைக்காத கருவிழி போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் புட்டியைத் திறந்தபோது அந்தத் துளைக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தது போலிருந்தது.

கை நின்றது. காது கொடுத்துக் கேட்டார். மழை, குழாயில் நீர் இறங்கும் சலசலப்பு, வேறொன்றுமில்லை. பழைய குழாய் இப்படித்தான் ஓசை எழுப்பும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணு!" என்று மகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லி, முதல் புட்டியைக் கவிழ்த்தார். "ரெண்டு!"

இரண்டாவதும் இறங்கிற்று. மூன்றாவதும் அமைதியாகவே போயிற்று. நான்காவதைக் கவிழ்த்தபோது துளை சீறிற்று. அடியில் எங்கோ ஆசிடும் ப்ளீச்சிங்கும் சேர்ந்து கொதிக்கிற ஓசை. பச்சையும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய புகை எழும்பி, விளிம்பைத் தாண்டி, மேலே போகாமல் தரையை நோக்கி வழிந்தது. கண் எரிந்தது. தொண்டையில் முள் குத்தியது. தண்ணீரைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

அப்போது துளை இருமிற்று.

சிறிய இருமல். மீண்டும் ஒன்று.

"வாலு?" என்றார். "பாப்பா, எங்க இருக்கே? ஆட்டம் முடிஞ்சுது. வெளில வா."

தொட்டிக்குள்ளிருந்து, மிகக் கீழேயிருந்து, பதில் வந்தது.

"கதவு தெறக்கலப்பா."

சுவர். சுவரோடு ஓடும் குழாய். உடைந்த மூட்டு. கந்தல் துணி.

ஓடினார்.

கூடத்தில் தட்டும் ஓசை கேட்டது. மரத்தில் சின்ன விரல்கள். டக், டக், டக். கால் இடறிற்று. எழுந்தார். டக், டக். புதுத் தாழ்ப்பாள். இறுகிய தாழ்ப்பாள். ஈரக் கை. வழுக்கிற்று. இழுத்தார். வழுக்கிற்று.

டக்.

சட்டை நுனியால் பிடித்து இழுத்தார். திறந்தது.

தட்டும் ஓசை நின்றிருந்தது.

முழங்கால் உயரத்துக்கு நின்ற பச்சைப் புகை, அவசரமில்லாமல், அவர் பாதங்களின் மேல் உருண்டு வெளியே வந்தது. கந்தல் துணியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தெருமுனையில் வண்டியின் மணி அடித்தது. "பேர் எழுதினதை மட்டும் குடுங்க! பேர் இல்லாதது வேணாம்!" என்று யாரோ மழையில் கத்தினார்கள்.

குழாய்க்கு அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கட்டி, முகத்தை உள்ளே புதைத்து, யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பது போல அசையாமல். சடைகள் இரண்டும் முன்னால் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும், அவர் தம் கையால் புட்டியின் கழுத்தில் போட்ட அதே இரண்டு சிவப்பு வளையங்கள்.