பதினைந்தாவது மட்டை

செண்பகம் வைத்த காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது. சவுரிராயன் அதைத் தொடவில்லை. செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

திண்டிவனத்தில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் கொடுத்த காப்பியை மாமனார் மறுத்ததில்லை. முந்தின நாள் மாலை அவள் ஹைதராபாத்திலிருந்து தனியாக வந்து இறங்கியிருந்தாள். கணவன் அலெக்ஸ் உடன் வரவில்லை.

"ஆறிப்போச்சு மாமா. வேற போட்டுத் தரட்டுங்களா?"

"வேணாம்."

மாடியிலிருந்து இறங்கி வந்த பிரபாவதிக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவள் அலெக்ஸின் அக்கா. கணவனுக்கு விழுப்புரம் பஸ் டெப்போவில் வேலை. குடும்பத்தோடு மாடியில்தான் இருந்தாள்.

"அப்பாவுக்கு எப்படிக் காப்பி எறங்கும்? என் கொழுந்தன் புள்ள போன்ல பாத்துட்டு வந்து சொல்லுது, அலெக்ஸ் மாமாவுக்கு ஆட்டத்துல பெனால்ட்டி போட்டுட்டாங்களாம். தம்பியக் கேட்டா அவ பண்ண தப்புன்றான். இன்னா பண்ணுனீங்க மானேஜரம்மா? அடிச்சத கொறச்சுக் கணக்கு சொன்னீங்களா?"

'மானேஜரம்மா' என்ற பெயர் சவுரிராயன் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. மகன் கோல்ஃப் ஆடுகிறவன்; மருமகள் அவனுக்கு மானேஜராகக் கூடப் போகிறாள் என்று கோயிலிலும், தான் வேலை பார்த்த ரயில் நிலையத்திலும் நாலு பேரிடம் அவர் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் செண்பகம் அவனுடைய பையைத் தூக்கினாள். மட்டைகள் அடங்கிய அந்தக் கனத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவன் பின்னால் நாள் முழுக்க வெயிலில் நடப்பது அவள் வேலை.

அலெக்ஸ் தொழில்முறை ஆட்டக்காரனாகி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெயர் இல்லை, பின்னால் நிற்க ஆளும் இல்லை. குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போடுபவன்தான் ஜெயிப்பான்; நான்கு நாள் போட்டியில் முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். இந்த நிலையில் பை தூக்கக் கூலிக்கு ஆள் வைப்பது எப்படி? செண்பகம் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவந்த நர்ஸ் வேலையை விட்டாள். இருக்கை கிடைக்காத ரயில்களில் பையை மேலே படுக்கவைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து வந்தாள். விடுதி அறைகளில் மின்விசிறிக்கு அடியில் அவன் கையுறைகளைக் காயப் போட்டாள். சண்டிகர் குளிரில் அவனுடைய காலுறைகளைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். எங்கேயும் குறை சொன்னதில்லை.

அவள் பை தூக்குவதுதான் சவுரிராயனுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தகப்பன் விழுப்புரம் ஜங்ஷனில் பித்தளை வில்லை கட்டிய போர்ட்டர். அதே ஜங்ஷனில், டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிக்கு உள்ளே கிளார்க்காக உட்கார்ந்தவர் சவுரிராயன். வேலை கிடைத்த அன்று தகப்பனின் கையிலிருந்த வில்லையை அவரே அவிழ்த்து வாங்கினார். இனி இந்த வீட்டில் ஒருவரும் தோளில் சுமை ஏற்றக் கூடாது என்றார். அப்படிப்பட்ட வீட்டின் மருமகள் பை தூக்கினாள். மகனோ ரயில்வே பரீட்சை எழுதாமல் மட்டையோடு போனான். அன்றிலிருந்து அப்பா மகனிடம் நேராகப் பேசுவதில்லை. அவன் எதிரில் நிற்கும்போதே, "சாப்ட்டானான்னு கேளும்மா," என்று மருமகளிடம்தான் கேட்பார்.

இப்போது செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார்.

"இன்னா நடந்துச்சு?"

"என் தப்புதான் மாமா."

"இன்னா தப்புன்னு கேக்குறேன்."

செண்பகம் தரையைப் பார்த்தாள்.

"வாயத் தொறக்குறாளா பாருப்பா," என்றாள் பிரபாவதி.

"நீ சும்மா இரு." அவர் குரல் உயரவில்லை. "இத பாரும்மா. முப்பது வருசம் கவுண்ட்டர்ல உக்காந்தேன். ஒரு நாள் கணக்கு இடிச்சதில்ல. கூலிக்காரன் புள்ளன்னு சொன்னவன் உண்டு, பொய்க்கணக்கு எழுதுறவன்னு எவனும் சொன்னதில்ல. நீ இன்னா பண்ணேன்னு சொல்ல முடியலன்னா, சொல்லக் கூடாத காரியம் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். கோலியனூருக்கு உங்கம்மா வீட்டுக்குப் போ."

"அவர் ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்காருங்க மாமா. அவரு வாயால போன்னு சொல்லட்டும். போயிடறேன்..."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை. அழுதால் பேச வேண்டி வரும். பேசினால் உண்மை வரும்.

அந்த உண்மை அவளுடைய பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே கிடந்தது. ஒரு குட்டை இரும்பு மட்டை.

அலெக்ஸுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சென்னையில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிய தாய்மாமன் அந்தோணிசாமி, யாரோ எறிந்த மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையின் உயரத்துக்கு அதை அறுத்துக் குறைத்தது சவுரிராயன். பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றி, செப்புக் கம்பியால் இறுக்கியதும் அவர்தான். மகனோடு பேச்சு நின்ற பிறகும் அது அவருடைய அறையில், சட்டை மாட்டும் ஆணியில் தொங்கியது; கதவு திறந்திருக்கும்போது செண்பகம் வெளியிலிருந்தே அதைப் பார்த்ததுண்டு.

ஹைதராபாத்துக்குப் புறப்பட்ட அன்று விடியற்காலை, செண்பகம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, வாசலருகே சாத்தி வைத்த பையின் முன் மாமனார் தனியாக நின்றுகொண்டிருந்தார். பையைத் தடவிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள்.

ரயில் தாமதம். ஆடிப் பழக நேரம் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் வழக்கம்போல மட்டைகளை எண்ணினாள். பையின் வாய்க்கு மேலே தலைநீட்டியவை பதினாலு. சரியாக இருந்தது. மூன்றாவது குழிக்கு நடக்கும்போது தூறல் விழுந்தது. பைக்குள் சொருகியிருந்த துண்டை எடுக்கக் கையை ஆழமாக விட்டாள். விரலில் சைக்கிள் டியூப் தட்டுப்பட்டது. பிறகு செப்புக் கம்பி.

பையில் பதினாலு மட்டைதான் இருக்கலாம். ஒன்று கூடினால், அதைத் தொடாமலே இருந்தாலும், ஆடி முடித்த குழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி தண்டனை. அது வீட்டிலிருந்த சவுரிராயனுக்குத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரியும். சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. துண்டை மேலே அமுக்கி விட்டால் போதும்.

"ஏங்க... பையில ஒண்ணு கூட இருக்கு," என்றாள்.

அலெக்ஸ் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டான். நான்கு அடி ஏறியது. இரண்டு நாள் முடிவில் இரண்டே அடி கூடிப்போய்ப் போட்டியிலிருந்து வெளியேறினான்.

"யாரு வச்சது இத?" என்று அன்று மாலை கேட்டான்.

"நான்தான். ராசிக்குன்னு வச்சேன்."

"எண்ணிப் பாக்குறதே உன் வேல. நீயே வச்சிட்டு நீயே மறப்பியா? எவ்ளோ கஷ்டப்பட்டு இங்க வந்துக்கினு இருக்கோம்..." மறுநாள் ரயில் நிலையத்தில் அந்த மட்டையை அவள் கையில் திணித்தான். "இதையும் எடுத்துக்கினு ஊருக்குப் போ. பெங்களூருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

மாமனார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேல் விழுந்த பழி நீங்கியிருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளாக மகனிடம் பேசாத மனிதர் பேசியது அந்த மட்டையால் மட்டும்தான். அதுவே மகனைத் தோற்கடித்தது என்று இருவருக்கும் தெரிந்தால் என்ன ஆகும்? மகன் மன்னிக்க மாட்டான். தகப்பன் தலைநிமிர மாட்டார். அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து எல்லோரும் திரும்பியபோது அலெக்ஸ் வந்திருந்தான். பை கூடத்து மூலையில் சாய்ந்திருந்தது. செண்பகம் அடுக்களை வாசலில் நின்றாள். கோலியனூருக்கு எடுத்துப்போக வேண்டியதை அவள் முன்னமே கட்டி வைத்திருந்தாள்.

சவுரிராயன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்துச் சொன்னார்.

"இவன் பொண்டாட்டி இன்னா கணக்க மாத்துனான்னு கேளு."

"கணக்கா?" அலெக்ஸ் அக்காவைப் பார்த்தான். "யாரு சொன்னது? அவ எந்தக் கணக்கையும் மாத்தலக்கா. பையில ஒரு ஸ்டிக்கு அதிகமா இருந்துச்சு. அவ்ளோதான்."

"ஒரு ஸ்டிக்கு அதிகமா இருந்தா இன்னாடா? கல்யாணத்துக்குப் போறப்ப ஒரு பொடவ அதிகமா எடுத்துக்கினு போனா பெனால்ட்டியா?"

"பதினாலுக்கு மேல கூடாதுக்கா. ரூல்ஸு."

"எந்த ஸ்டிக்கு?"

அந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது என்பது அலெக்ஸுக்கு உடனே விளங்கவில்லை. அப்பா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாம்பா... சின்ன வயசுல நீங்க அறுத்துக் குடுத்தீங்களே, டியூப் சுத்தி. அத எங்கயோ தேடி எடுத்து ராசிக்குன்னு வச்சிருக்கா."

"மாமா, காப்பி கொண்டாரட்டுங்களா?" என்று செண்பகம் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"நான்தான் வச்சேன்னு அவளே சொன்னாளா?"

"ஆமாப்பா."

"பையில இருக்குதுன்னு யாரு கண்டுபுடிச்சது?"

"அவதான். யாரும் பாக்கல. உள்ள தள்ளி வுட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. அத மட்டும் மறைக்காம சொல்லிட்டா."

சவுரிராயன் எழுந்து தன் அறைக் கதவைத் திறந்து விட்டார். சட்டை மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

"அது இங்க தொங்கிக்கினு இருந்துச்சு. இந்த ரூமுக்குள்ள அவ பெருக்கக் கூட வர்றதில்ல. நான் வுட்டதில்ல. அவ எப்படிடா எடுப்பா? நான்தான் வச்சேன்."

அலெக்ஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் மாமனார்.

"டியூப்பத் தொட்டப்பவே தெரியும் மாமா."

"அன்னிக்கு நான் அவ்ளோ பேசினேன். அப்பவும் ஏன் சொல்லல?"

"அவருக்குன்னு நீங்க குடுத்தது அது ஒண்ணுதான மாமா... அதுலயும் கொறன்னு ஆயிடக் கூடாதுன்னு..."

முடிக்க முடியவில்லை. அத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரபாவதி போய் அவள் தோளைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு எங்கடி தெரியும்? வாயத் தொறந்தாத்தான..." என்ற பிரபாவதியின் கண்ணும் கலங்கியிருந்தது.

சவுரிராயன் யாருடைய தோளையும் தொடவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"கணக்கு இடிச்சதில்லன்னு சொன்னேன் இல்ல. இடிச்சிட்டேன். கோலியனூருக்குப் போன்னு சொன்னத மனசுல வச்சிக்காதம்மா." பிறகு மகனிடம் திரும்பினார். "நல்லது நடக்கணும்னுதான்டா வச்சேன்."

"தெரியும்பா," என்றான் அலெக்ஸ். "நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா தோத்ததே பெரிசா பட்டிருக்காதுப்பா." மனைவியின் பக்கம் போனான். "அடுத்து கொல்கத்தா. நீ வரலன்னா நான் போவல. பெங்களூர்ல ஒரு ஆளு வச்சேன். பையில இருந்த வாழப்பழம் பூரா அவனே தின்னுட்டான்."

அழுகைக்கு நடுவே செண்பகம் சிரித்துவிட்டாள். மாமனார் நாற்காலிக்குத் திரும்பினார்.

"இப்ப அந்தக் காப்பியக் கொண்டாம்மா," என்றார்.

கொல்கத்தா ரயிலுக்கு விழுப்புரத்தில் ஏற வேண்டும். சவுரிராயன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்தார். நடைமேம்பாலத்துப் படியருகே அலெக்ஸ் பையை எடுக்கக் குனிந்தான்.

"இங்க குடு," என்றார்.

"கனமா இருக்கும்பா."

"குடுடா."

வாரைத் தோளில் மாட்டினார். முதல் படியில் சற்றுத் தடுமாறி, பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். செண்பகம் பின்னால் நடந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் காலியாக இருந்தன. மேலே எதிரில் வந்த பழைய போர்ட்டர் சுப்பராயலு நின்றுவிட்டார்.

"இன்னா கிளார்க்கு சார், நீங்க போய் சொம தூக்கிக்கினு? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. இவங்கதான் மானேஜரா இருக்கிற மருமவளா?"

"மானேஜர் இல்ல சுப்பராயலு. இந்தப் பையத் தூக்குறவ," என்றார் சவுரிராயன். பக்கத்தில் போன நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

நடைமேடையில் பையை இறக்கி அவள் முன்னால் நிறுத்தினார்.

"எண்ணும்மா."

அவள் எண்ணினாள். கையை உள்ளே விட்டு அடிவரை தடவினாள்.

"பதினாலு மாமா."

"இன்னொரு தரம் எண்ணு."

இன்னொரு தரம் எண்ணினாள். பதினாலுதான்.

ரயில் நகர்ந்தபோது அவர் கையசைக்கவில்லை, நிமிர்ந்து நின்றார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த செண்பகத்துக்கு அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. தோளில் பையின் வார் அழுத்திய இடத்தில் ஒரு அழுக்குக் கோடு படிந்திருந்தது. அதை அவர் தட்டிவிடவில்லை.