மேக்னட்டுக்குப் பின்னால்

இன்ஜின் தண்டின் நுனியில் இறுகியிருந்த காந்தச் சக்கரமான மேக்னட்டைப் பிடுங்கும் புல்லரில் ஸ்பானரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தபோது தண்டு கூடவே சுற்றவில்லை. சுற்றியிருக்க வேண்டும். கியரில் போட்டு, ஒருவர் வண்டிமேல் உட்கார்ந்து பின் பிரேக்கை மிதித்துப் பிடித்தால்தான் அது அசையாமல் நிற்கும்; பூஞ்சேரியில் இருபது வருடமாக வண்டி பிரிக்கிற வரதனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டு போன மத்தியான வெக்கையில், ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, டீசல் வாடையும் கிரீஸ் வாடையும் மூக்கில் ஏற அவன் தனியாகத்தான் குந்தியிருந்தான்.

எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தான். பிரேக் பெடல் அடிவரை இறங்கியிருந்தது. துருவில் சிக்கியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தான், பாவி.

வண்டி ராஜாராமுடையது. கடையும் இருவரும் சேர்ந்து போட்டதுதான். ஆனால் கல்பாக்கத்து ஆபீசரிலிருந்து கொக்கிலமேட்டு மீன்காரர்வரை வண்டியை நிறுத்தியதும் ராஜாராம் எங்கே என்றுதான் கேட்பார்கள். வரதன் ஒருவன் எதிரே நிற்பது யார் கண்ணிலும் படாது. அந்த எரிச்சல் புகைந்து புகைந்து, ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள், ராஜாராமின் வண்டி பிரித்துக் கிடந்தபோது, ஹெட்லைட்டுக்குப் போகும் காயில் வயரைப் பிளேடால் பாதி அறுத்து, மேக்னட்டை மேலே மாட்டி மூடிவிட்டான். பேட்டரி இல்லாமல், மேக்னட் சுற்றும்போது நேராகக் காயிலில் எரிகிற விளக்கு அது. அன்று ராத்திரி கால்வாய்ப் பாலத்துத் திருப்பத்தில் அணைந்தது. ராஜாராம் வண்டியோடு உப்புத் தண்ணீருக்குள் போனான். குடித்திருப்பான் என்றது ஊர், வரதனும் தலையாட்டினான்.

அந்த வண்டியைத்தான் போன வாரம் வசுமதி, ராஜாராமின் மனைவி, குட்டியானை வேனில் ஏற்றிவந்து இறக்கினாள்.

"வண்டி ஓடாட்டியும் பரவால்ல வரதண்ணா. லைட்டு இன்னாத்துக்கு நின்னுச்சின்னு எனக்குத் தெரியணும். என் எதிர்ல கழட்டு."

மாட்டேன் என்றால் வேறு கடைக்குக் கொண்டுபோவாள். மெக்கானிக் பொண்டாட்டி, அறுந்ததற்கும் அறுத்ததற்கும் வித்தியாசம் தெரிந்தவள். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தான். இப்போது நாலு. அதற்குள் அந்த வயரை உருவி எறிந்துவிட்டு வேறொன்றைச் சொருகி மூட வேண்டும். இல்லையென்றால் அவன் கொலைகாரன் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

உப்பு தின்ற மேக்னட் லேசில் வருமா? இரண்டு நாள் டீசலில் ஊறவைத்தாயிற்று, கேஸ் வைத்துச் சூடு காட்டியாயிற்று. புல்லரை இறுக்கி அதன் தலையில் சுத்தியலால் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு, மேலே சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகியது, கனத்த ஆள் ஒருவர் வசதியாக நகர்ந்து உட்காருவதுபோல. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயமாக இருந்தது. சைலன்சரிலிருந்து என்னவோ சொட்டியது. ஒன்பது வருடமாகக் கொட்டகையில் காய்ந்து கிடந்த வண்டி. தரையில் தண்ணீர் பரவி அவன் பாதத்தைத் தொட்டது. கால்வாய்ச் சேற்று நாற்றம்.

இன்னொரு தட்டு.

டக்கென்று மேக்னட் ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது. இடுக்கில் மஞ்சள் வயர். பிளேடு வெட்டு அப்படியே.

வெளியே செருப்புச் சத்தம். ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

"வரதண்ணா, உள்ளயா கீற?"

மேக்னட் பாதியில் நிற்கும்போது விரலை விடக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லித்தருவது. வரதன் விட்டான். இரண்டு விரல். வயரைப் பிடித்தும்விட்டான்.

மேக்னட் திரும்ப உள்ளே அடித்தது.

எலும்பு நொறுங்குவது காதுக்கே கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கத்தினால் அவள் வருவாள். வந்தால் விரலில் இருப்பதைப் பார்ப்பாள். கத்தக் கூடாது. கூடாது.

மறுபக்கம் பிரேக் பெடல் மேலே எழுந்தது. ஆள் காலை எடுத்த சத்தம். பிறகு கிக்கர் விரிந்தது. மெல்ல இறங்கியது.

மேக்னட் சுற்றியது. விரல்களோடு.

கத்தினான்.

ஷட்டர் ஏறியது. வசுமதி உள்ளே வந்தாள். வயர் அறுந்த வண்டியில் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து அவள் முகத்தில் விழுந்தது. இடுக்கில், அவன் ரத்தத்தில், தொங்கும் மஞ்சள் முனையைக் குனிந்து பார்த்தாள்.

"கை போச்சும்மா... எதுனா பண்ணு..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, சீட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கையை நீட்டி, ஷட்டரை உள்பக்கமாகத் தரைவரை இழுத்து மூடினாள்.

இருட்டு. கிக்கர் மேலே ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.