லாக்கப்பில் ஒரு லுங்கி!

"அய்யோ... தொங்குறான்யா!"

ஏட்டு கலியமூர்த்தியின் அலறல் தெருக் குழாயடி வரை கேட்டது. குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1993, ஜூன். காலை ஆறே கால்.

அப்போதுதான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட கான்ஸ்டபிள் வசந்தகுமாரி, தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே ஓடினாள்.

லாக்கப் கம்பியின் மேல் பட்டையில்...

உத்தமன்!

லேத்துப் பட்டறைத் தொழிலாளி. முப்பது வயது. பித்தளைத் துண்டு திருடினான் என்று முதலாளி புகார் கொடுத்திருந்தான். நேற்று மதியம்தான் பிடித்து வந்திருந்தார்கள்.

கழுத்தில் நீலக் கட்டம் போட்ட லுங்கி.

இடுப்பில் வெறும் ஜட்டி!

ஜட்டியில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த ஸ்டேஷனில் லாக்கப்புக்குள் போகிற எவனுக்கும் ஜட்டி மட்டும்தான். சட்டை, வேட்டி, பெல்ட், அரைஞாண் கயிறு... அத்தனையும் வெளியே!

"செக்யூரிட்டி!" என்பார் இன்ஸ்பெக்டர் ராஜசேகரன். உள்ளே இருப்பவன் தூக்கு மாட்டிக்கொண்டு செத்துவிடக் கூடாதாம். எத்தனை கரிசனம்! பெண்டாட்டி பார்க்க வந்தாலும், பெற்ற மகள் பார்க்க வந்தாலும், கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு குறுகி நிற்க வேண்டியதுதான்.

அத்தனை பாதுகாப்பு... அப்படியும் ஒருவன் செத்துத் தொங்கினான்!

"வசந்தா! உள்ள வா."

இன்ஸ்பெக்டரின் குரல். ஆறே கால் மணிக்கே குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத காக்கியில் உட்கார்ந்திருந்தார் ராஜசேகரன்.

"நேத்து சாயங்காலம் அவனுக்குத் துணி குடுத்தது யாரு?"

"நான்தான்யா."

"ஏன்?"

"அவன் பொண்டாட்டி கொழந்தையோட வந்திருந்தாய்யா. ஆறு வயசுப் பொண்ணு. அப்பன் நின்ன கோலத்தைப் பார்த்துட்டு அது ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிச்சு. என் துண்டைக் குடுத்தேன்."

"ரூல் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்யா. அதனாலதான் சின்னத் துண்டாக் குடுத்தேன். இடுப்பைச் சுத்தவே இழுத்துப் பிடிக்கணும். கழுத்துல மாட்டி முடிச்சுப் போட அது எங்கய்யா பத்தும்? இங்க தொங்கறது லுங்கி. என் துண்டு எங்க?"

ராஜசேகரன் சிரித்தார்.

"எந்தத் துண்டு? நீ துணி குடுத்த. அவன் தொங்கிட்டான். துண்டோ லுங்கியோ... துணி துணிதானே?"

பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"ஒரு பேப்பர் எடு. 'பரிதாபப்பட்டு என் வீட்டு லுங்கியைக் கொடுத்தேன்'னு எழுதி கையெழுத்துப் போடு. ஒரு மெமோவோட முடிச்சுடறேன். மாட்டேன்னு வச்சுக்க... தற்கொலைக்கு ஒத்தாசை பண்ணினதாக் கேஸு! வேலை போகும். ஜெயிலு. நீ பத்திரமா உள்ள இருப்ப, கவலைப்படாத."

"யோசிச்சுச் சொல்றேன்யா."

"யோசிக்கிறாளாம்! துணி தொவைக்கிறவ பொண்ணு பி.ஏ. படிச்சா இதான் வம்பு. பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. வர்றாரு. அதுக்குள்ள யோசி!"

லாக்கப்பில் ஒருவன் செத்தால் ஆர்.டி.ஓ., அதாவது ரெவின்யூ கோட்ட அதிகாரி, வந்து விசாரிக்க வேண்டும். போலீஸைப் போலீஸே விசாரித்தால் நன்றாக இருக்காது அல்லவா? அதற்குத்தான்.

வெளியே உடலை இறக்கிப் பாயில் கிடத்தியிருந்தார்கள். லுங்கி மேஜைமேல் கிடந்தது.

வாசலில் ஒரே கூச்சல். உத்தமனின் மனைவி முனியம்மா, தடுத்த கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் வசந்தகுமாரியின் சட்டையைப் பிடித்தாள்.

"நீ குட்த்த துணிலதான் தொங்கிட்டான்னு சொல்றாங்களே! உன்ன யாரு குடுக்கச் சொன்னது? இன்னாத்துக்குக் குட்த்த? அம்மணமா நின்னாலும் உசிரோட நின்னுகினு இருந்திருப்பானே எம் புருசன்!"

வசந்தகுமாரி கையைத் தட்டிவிடவில்லை.

"முனியம்மா... நேத்து நான் குடுத்தது இன்னா கலரு?"

"வெள்ளத் துண்டு. செவப்புக் கரை."

"மேஜைமேல பாரு."

முனியம்மா பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"இது... லுங்கியாச்சே!"

"இப்ப அவன் காலைப் பாரு."

உத்தமனின் இரண்டு உள்ளங்கால்களும் கன்றிக் கறுத்து, வீங்கி, தோல் வெடித்திருந்தன.

"தூக்குல தொங்கினவனுக்கு உள்ளங்கால் எப்படி வீங்கும், முனியம்மா?"

முனியம்மாவின் அழுகை நின்றுபோனது. கண்ணில் வேறு ஏதோ வந்தது.

"அட்ச்சே கொன்னுட்டானுங்களா... நீ சொல்லு போலீஸம்மா! வர்ற ஆபீசராண்ட சொல்லு!"

"கால் வீங்கினதுக்கு, ஓடறப்ப விழுந்தான்னு எழுதிடுவாங்க. துண்டுக்கு நானும் நீயும்தான் சாட்சி. நம்ம பேச்சு எடுபடாது. ராத்திரி டூட்டியில இருந்தவங்க நாலு பேரு, நாலு பேரும் ஒரே பேச்சு."

சொல்லிக்கொண்டே லுங்கியின் முனையைத் தூக்கினாள் வசந்தகுமாரி. மடித்துத் தைத்த ஓரத்தில், கறுத்த பழுப்பு நிறத்தில்...

இரண்டு கோடு. மூன்று புள்ளி!

அவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

வண்ணான் குறி!

சேங்கொட்டை மையில் போட்டது. துணி கிழியலாம், குறி போகாது. பத்து வீட்டுத் துணி ஒன்றாக வெள்ளாவியில் வேகும்போது, எது எந்த வீட்டுத் துணி என்று பிரிக்க வீட்டுக்கு ஒரு குறி. கள்ளிக்குப்பம் சலவைக்காரி வேம்புலியம்மாளின் மகளான வசந்தகுமாரி, பள்ளிக்கூடத்தில் 'அ' எழுதுவதற்கு முன்பே படித்துத் தேறிய எழுத்து அது. எம்பிராய்டரி போட்ட தலையணை உறையில் இருந்து கிழிந்த பனியன் வரை, போலீஸ் குவார்ட்டர்ஸ் மொத்தமும் அவள் அம்மாவின் கையால்தான் வெளுத்தது.

இரண்டு கோடு, மூன்று புள்ளி. எந்த வீடு?

அவளுக்குத் தெரிந்தது. அடிவயிற்றில் இருந்து சிரிப்பு வந்தது.

லுங்கியைக் கிடந்தபடியே போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டாள்.

பத்து மணி.

ஆர்.டி.ஓ. சண்முகசுந்தரம் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். பேனா மூடியைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார் போலிருந்தது.

"கைதிக்குத் துணி குடுத்தது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் வசந்தகுமாரி.

ராஜசேகரனின் முகத்தில் வெளிச்சம்!

"ஆனா நான் குடுத்தது வேற. இன்ஸ்பெக்டர் அய்யா இந்த லுங்கின்னு சொல்றாரு. அதை அவரு வாயால சொன்னா போதாது சார். எழுத்துல வேணும்."

"எழுதறேனே! என்ன பயம்?" ராஜசேகரன் பேப்பரை இழுத்தார். சரசரவென்று எழுதினார். எழுதியதை உரக்கவே படித்தார்.

"'இந்த லுங்கி, கான்ஸ்டபிள் வசந்தகுமாரி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கைதிக்குக் கொடுத்தது. நேற்று மாலை கைதியின் இடுப்பில் இதைப் பார்த்தேன். அதற்கு முன் இந்த லுங்கியை நான் பார்த்ததே இல்லை.' போதுமா?"

கையெழுத்து. கீழே சாட்சியாக ஏட்டு கலியமூர்த்தி. 'மூர்த்தி' பாதியில் கோணிக்கொண்டு போனது.

"சார், லுங்கியோட முனையைப் பாருங்க."

சண்முகசுந்தரம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னமோ கோடு... புள்ளி..."

"எங்கம்மா போட்ட குறி சார். எங்க வீட்டுத் துணிக்கு நாங்க குறி போடறதில்ல. எங்க வீட்ல லுங்கி கட்ட ஆம்பளையும் கிடையாது. எங்கப்பா செத்துப் பதிமூணு வருஷம்."

"அப்ப இது யாரு வீட்டுக் குறி?"

"நான் சொன்னா நம்புவீங்களோ, மாட்டீங்களோ. இன்ஸ்பெக்டர் அய்யாவோட சட்டைக் காலரைக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பச் சொல்லுங்க சார்."

ராஜசேகரன் விருட்டென்று எழுந்தார்.

"என்ன திமிரு! யூனிஃபார்ம்ல கை வைக்க..."

"திருப்புங்க" என்றார் ஆர்.டி.ஓ.

"சார், ஒரு கான்ஸ்டபிள் பேச்சைக் கேட்டு..."

"மிஸ்டர் ராஜசேகரன்... திருப்புங்க!"

திருப்பினார்.

இரண்டு கோடு. மூன்று புள்ளி!

எட்டு வருடமாகக் கழுத்தை உரசிக்கொண்டிருந்த குறி. ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை. துவைத்துக் கொண்டுவந்து வைப்பவளையே நிமிர்ந்து பார்க்காதவர், அவள் போட்ட புள்ளியையா பார்ப்பார்?

"திருட்டு நாய்! அழுக்கு மூட்டையில இருந்து இவதான் என் லுங்கியை எடுத்திருக்கா!"

கத்திவிட்டார். கத்திய பிறகுதான் புரிந்தது.

சண்முகசுந்தரம் பேப்பரை விரலால் தட்டினார்.

"உங்க லுங்கி. பத்து நிமிஷம் முன்னாடிதான் பார்த்ததே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நேத்து அவன் இடுப்புல பார்த்தேன்னும் எழுதியிருக்கீங்க. சொந்த லுங்கி தெரியலையா?"

பிறகு கலியமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"ஏட்டு! நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. ரிட்டயர்மெண்ட் எப்ப?"

"அ... அடுத்த மாசம் சார்."

"வீட்டுக்குப் போறீங்களா, ஜெயிலுக்கா?"

கலியமூர்த்தி தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்கும்போது யூனிஃபார்ம் கறையாயிடும்னு அய்யா லுங்கிக்கு மாறிடுவாருங்க. நேத்தும் அப்படித்தான். பித்தளை எங்கடான்னு கேட்டுக் கேட்டு... திடீர்னு அவனுக்குப் பேச்சு நின்னுபோச்சு. தண்ணி தெளிச்சோம். மூச்சு இல்ல சார்! 'அந்தப் பொம்பளை குடுத்த துணியில மாட்டுங்கடா, பழி அவமேல போகட்டும்'னாரு. துண்டு சின்னது, பத்தல. ரத்தம் வேற. அதை அடுப்புல போட்டுட்டு, அய்யா இடுப்புல இருந்ததையே அவுத்து..."

"யோவ், கலியமூர்த்தி!"

"இனிமே என்னய்யா யோவ்?" என்றார் கலியமூர்த்தி அழுதபடி.

மதியம் ஒரு மணி.

மேலிடத்தில் இருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன.

முதல் உத்தரவு: சி.ஐ.டி. வேன் வரும்வரை இன்ஸ்பெக்டர் ராஜசேகரனை லாக்கப்பில் வைக்கவும்.

இரண்டாவது, வசந்தகுமாரிக்கு மெமோ. 'அனுமதியின்றிக் கைதிக்குத் துண்டு கொடுத்ததற்காக உன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

கொலைக்கு அரைப் பக்கம் அடித்த டைப்ரைட்டர், துண்டுக்கு மூன்று பக்கம் அடித்திருந்தது!

மெமோவை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு லாக்கப் முன்னால் போய் நின்றாள் வசந்தகுமாரி. பாராவுக்குப் புதிதாக வந்திருந்த பால்ராஜ் தலையைச் சொறிந்தான்.

"மேடம், ரூல்படி அவுக்கச் சொல்லணும். எப்படி... இவருகிட்ட..."

சுவரோரம் உட்கார்ந்திருந்த முனியம்மா எழுந்து வந்தாள்.

"அவுருங்க! ஜட்டியோட நிக்க வையி, போலீஸம்மா! எம் பொண்ண இட்டுகினு வந்து காட்டுறேன். உங்கப்பன் நின்னா மாரியே இவனும் நிக்கிறான் பாருன்னு காட்டுறேன்!"

கம்பிக்குப் பின்னால் ராஜசேகரனின் கைகள் தாமாகவே இடுப்புக்கு முன்னால் வந்தன.

வசந்தகுமாரி அதைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"பெல்ட், விசில் கயிறு, ஷூ லேஸ். மூணையும் வாங்கிக்க பால்ராஜ். பேண்ட் சட்டை இருக்கட்டும். கால் மணிக்கு ஒரு தடவை போய்ப் பாரு. உள்ள இருக்கறவன் சாகாம இருக்கணும்னா நாமதான் பார்த்துக்கணும். அவுத்து வச்சா ஆச்சா?"

"இன்னா போலீஸம்மா நீ! இந்தக் கஸ்மாலத்துக்குப் போயி..." முனியம்மா காறித் துப்பினாள்.

"இவனுக்காக இல்ல முனியம்மா. உன் பொண்ணு அதை ஒரு தடவை பார்த்ததே போதும். எந்தப் பொண்ணுக்கும் இன்னொரு தடவை வேணாம். நீ போ, ஆஸ்பத்திரியில பாடியை ஒப்படைப்பாங்க. நானும் வரேன்."

முனியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சைக்கிள் பக்கம் நடந்தாள்.

பால்ராஜுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேடம், இன்னொரு மெமோ வருமே! பேண்ட் முழு நீளம் மேடம்... அதுலயே மாட்டித் தொங்கிட்டாருன்னா?"

வசந்தகுமாரி சைக்கிள் ஸ்டாண்டை ஒரு உதை விட்டாள்.

"தொங்க மாட்டாரு, தைரியமா இரு. அதுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கணும்!"