அழுத்திப் பிடிக்க வேண்டாம்

"இந்த சாஃப்ட்வேரைப் பண்ணவன் மட்டும் என் கையில கிடைச்சான்... அவன் மணிக்கட்டைத் திருகிடுவேன்!"

போனை வைத்துவிட்டு மமதா சொன்னது யாரிடமும் அல்ல. லிங்கராஜபுரத்து பிசியோதெரபி கிளினிக்கின் அந்தக் குட்டி அறையில் அவளைத் தவிர ஒருவன்தான் இருந்தான். அவனும் அவளைப் போலவே வலது கையைச் சூடான மெழுகில் முக்கி, டவல் சுற்றி, மடியில் வைத்திருந்தான்.

திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

அந்தக் கண்கள்... அவ்வளவு களைத்த கண்களை அவள் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"எந்த... எந்த சாஃப்ட்வேருங்க?"

"சேலை டிசைன் போடறது. புட்டா ஸ்டுடியோன்னு ஒண்ணு. ஒரு மாங்காயை எடுத்து வைக்கணும்னா மவுஸை அழுத்திப் பிடிச்சுட்டே முந்தானை வரைக்கும் இழுத்துட்டுப் போகணும். விரல் கொஞ்சம் தளர்ந்தா போதும், நடுவுலயே பொத்துனு விழுந்துடும். திரும்ப மொதல்ல இருந்து..." டவல் கையைத் தூக்கிக் காட்டினாள். "இழுத்து இழுத்துதான் இது இப்படி ஆச்சு. பேஜாராயிடுச்சு."

"ஸ்க்ரீன் தானா நகரும்போதுதானே விழுது?"

மமதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும்... கம்ப்யூட்டர் வேலைதான்."

"பேரு?"

"உத்தமன்."

"ஹௌதா? நெஜமாவா?" சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்று சிரித்த பிறகுதான் தெரிந்தது.

உத்தமனால் சிரிக்க முடியவில்லை. அந்த மாங்காயை நடுவில் நழுவவிடுவது அவன் எழுதிய நிரல். திருப்பத்தூரிலிருந்து வந்து, பெங்களூரில் அவன் முழுசாக எழுதி முடித்த முதல் வேலை. சொல்லிவிடலாமா...? ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. நெற்றியில் ஒட்டிய முடியை இடது கையால் ஒதுக்கத் தெரியாமல் அவள் தடுமாறுவதைப் பார்த்தான். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அடுத்த வாரமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைச் சாயங்காலங்கள் அப்படித்தான் வந்து போயின. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு டவல் கை. பாதி நேரம் பேச்சே இருக்காது. அவள் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள். அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மௌனம் யாரையும் உறுத்தவில்லை.

ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க."

உத்தமனுக்கு ஏனோ மெழுகு சட்டென்று சுட்டது. "ஓ... என்ன சொன்னாங்க?"

"பையனோட அம்மா என் மணிக்கட்டுல போட்டிருந்த பட்டையையே பாத்துட்டு இருந்தாங்க. குக்கரைத் தூக்குவியாம்மான்னு கேட்டாங்க. போகும்போது, பாவம், நல்ல பொண்ணுன்னாங்க." டவல் முனையை இடது கையால் இழுத்துவிட்டாள். "வேணாம்னு சொன்னது கூடப் பரவாயில்லைங்க. அந்தப் பாவம்தான் தாங்கல. எங்கம்மா ராத்திரி பூரா தூங்கல."

அவன் மெதுவாகக் கேட்டான். "அந்த மாங்காயை... எப்படி நகர்த்தினா உங்களுக்கு வலிக்காது?"

"இது என்ன கேள்வி, சும்னே? சும்மாவா கேக்கறீங்க?"

"சொல்லுங்களேன்."

"ஒருதடவை தொட்டா கையோட ஒட்டிக்கணும். வேண்டிய எடத்துல இன்னொரு தடவை தொட்டா உக்காரணும். நடுவுல எதுக்கு அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும்? அது என்ன ஓடியா போயிடும்?"

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் மமதாவுக்குக் காது மடல் சூடேறியது... மெழுகின் சூடாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச வாரம் கழித்து ஆபீஸில் எல்லாருடைய கம்ப்யூட்டருக்கும் புட்டா ஸ்டுடியோவின் புது வடிவம் வந்தது. கூடவே ஒரு விளக்க வீடியோ. பூவை ஒருமுறை தொட்டால் சுட்டியோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை தொட்டால் முந்தானையில் உட்கார்ந்தது. "இனி அழுத்திப் பிடிக்க வேண்டாம்," என்றது வீடியோவின் குரல்.

பக்கத்துச் சீட்டு கவின் கைதட்டினான். "மமதாக்கா, உன் கை பொழைச்சுது!"

மமதா கைதட்டவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை. கிளினிக் மாடிப்படியில் மழைச்சாரலில் நின்றே அவனைப் பிடித்தாள்.

"நீங்கதானா அது?"

அவன் முகம் வெளுத்தது. "மமதா... மொத நாளே சொல்லியிருக்கணும்."

"நான் திட்டத் திட்ட உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க. கைவலியைச் சொன்னேன், வீட்டு விஷயம் சொன்னேன்... எல்லாம் உங்களுக்கு ஆபீஸ் வேலையா? ஓசியில டெஸ்டிங்கா?"

"சத்தியமா இல்ல. நான் பண்ணதாலதான் உங்க கை போச்சுன்னு தெரிஞ்சதும்... முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல."

"அப்போ நீங்களும் பாவம் பாத்துட்டுத்தான் பக்கத்துல உக்காந்தீங்க." அவள் குரல் உடைந்தது. "அந்தம்மாவே தேவல. ஒரே நாள்ல எழுந்து போயிட்டாங்க."

படியிறங்கிப் போனாள். அவன் கூப்பிட்டது மழையில் கேட்டது. திரும்பவில்லை.

சனிக்கிழமைக் காலைக்குச் சிகிச்சையை மாற்றிக்கொண்டாள். கை தேறியது. மனசுதான்... ஜோகுபாளையத்து வீட்டில் அம்மா அன்னம்மாள் தட்டை நீட்டினால் பாதி சாப்பிடுவாள், பாதியில் எழுந்துவிடுவாள். ஆபீஸில் பூக்கள் தொட்ட இடத்தில் லேசாக உட்கார்ந்தன. ஒவ்வொரு பூவுக்கும் அவன்மேல் கோபம் வந்தது. கோபம்தானா? தெரியவில்லை. அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, பிசியோதெரபிஸ்ட் வீணா அவள் விரல்களை நீவிவிட்டபடி சொன்னாள்.

"இந்த உத்தமனை என்ன பண்றதுன்னே தெரியல மமதா. கை எப்பவோ சரியாயிடுச்சு, வராதீங்கன்னு சொல்லிட்டேன். ஆனா செவ்வாய்க்கிழமை ஆனா வந்து கீழ் படியில உக்காந்துக்கறாரு. யாருக்காகன்னு கேட்டா மழைக்கு ஒதுங்கினேங்கறாரு. போன வாரம் மழையே இல்ல!"

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் மமதாவின் கால்கள் தாமாக லிங்கராஜபுரத்துக்கு வந்தன.

கீழ்ப்படியில் இருந்தான். லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மழை அவன் செருப்பு நுனியை நனைத்துக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் உத்தமன்."

விழித்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"எதுக்கு வர்றீங்க? குத்த உணர்ச்சியா? பரிதாபமா?"

"பரிதாபப்படறதுக்கெல்லாம் தெம்பு இல்லைங்க," என்றான். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. "குத்த உணர்ச்சி இருந்துச்சு. தப்பைச் சரிபண்ணதும் அது போச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை போகல. இந்த ஊர்ல எல்லார் முன்னாடியும் தெம்பா இருக்கற மாதிரியே நிக்கணும். உங்க பக்கத்துல மட்டும்தான்... களைச்சுப்போய் உக்கார முடிஞ்சுது. உங்களைப் பிடிச்சிருக்கு மமதா. மறைச்சது தப்பு. மன்னிச்சுக்கங்க. வேணாம்னா நாளையில இருந்து இந்தப் படிக்கு வரல."

அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "வர்றீங்களா இல்லையா?" என்றாள்.

பஸ் அல்சூர் நெரிசலில் ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழைக்கோடுகள், அதற்குப் பின்னால் கலங்கிய சிவப்பு விளக்குகள். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவன் மூச்சுகூட விடவில்லை போலிருந்தது.

"உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே..." என்றாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"நீங்கதானே கூப்டீங்க..."

மமதா தலையை மெல்லச் சாய்த்தாள். அவன் தோள் கொஞ்சம் ஈரமாக இருந்தது. பரவாயில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள், கண்ணை மூடியபடி. "கோவமும் இருக்கு. ரெண்டையும் நாளைக்கு விவரமாச் சொல்றேன்... ஜோகுபாளையம் வந்ததும் எழுப்புங்க. அம்மாகிட்ட வந்து பேசணும் நீங்க."

"மமதா... இன்னிக்கேவா?"

அதற்குள் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.