நெற்றியில் கலங்கிய மை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலேஸ்வரி கண் அயரப் பார்த்த நேரம் சாந்தரூபனின் ஓட்டோ வந்து நின்றது. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற மனுசி. மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காது அவருடையது. ஆனாலும் யாராவது யார் மேலாவது பழி போட்டால் மன்னாரில் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். கூட்டிக்கொண்டு வருகிறவன் எப்போதும் இந்த ஓட்டோக்காரன்தான். துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி தேவையில்லை.

இந்தமுறை வந்தவள் தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்துப் பிறின்சி. அவளுடைய கணவன் ஜெனிஸ்ரன் கடலுக்குப் போனவன். படகு கரை வந்தது, ஆள் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நாளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அதில் கொடுக்க அடித்த நினைவு அட்டைகளில் ஒன்றை நீட்டினாள். ஜெனிஸ்ரனின் நெற்றியில் கறுப்பு மை ஊதாவாகக் கலங்கியிருந்தது. எல்லா அட்டையிலும் அப்படித்தான் என்றாள்.

ஜெனிஸ்ரனின் கூடப்பிறந்தவள், மச்சாள் றஞ்சிதம், பளபளப்புத் தாள்தான் வேணுமென்று நின்றவளாம். பிறின்சி கேட்கவில்லை. வலையில் மீனைவிடப் பொலித்தீன்தான் கூட என்று புறுபுறுத்தபடி அதையெல்லாம் கரைக்கு அள்ளிவருகிறவன் ஜெனிஸ்ரன். அவன் முகத்தைப் பிளாஸ்ரிக் பூசிய தாளில் போட அவளுக்கு மனம் வரவில்லை. மேல்பூச்சில்லாத மறுசுழற்சித் தாளை எடுத்தாள். இது மையைக் குடிக்கும், படம் மங்கும் என்று அச்சகக்கார ஷிஹாப் முதலிலேயே சொல்லி, படத்தை வெளிறச் செய்து, நன்றாகக் காயவிட்டுத்தான் கொடுத்தான். நேற்றுக் காலை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினாள். எல்லாம் சுத்தம். வீட்டு மேசையில் வைத்துவிட்டு மச்சாளோடு மாதாகோயில் அலுவலாகப் போனாள். இன்று காலை அட்டைக் கட்டை அவிழ்த்தால் இந்தக் கோலம்.

"அவரைத் திரும்பவும் சாக்கொண்டுபோட்டாயெண்டு மச்சாள் சொல்லுறா. என்ர தெரிவாலதான் அவற்ர முகம் கெட்டதோ, அதை மட்டும் சொல்லுங்கோ அக்கா."

பாலேஸ்வரி அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் மெல்லிய சாய்சதுர வடுக்கள். பெருமூச்சோடு செருப்பை மாட்டினார்.

தாழ்வுபாட்டு வீட்டில் றஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஜெனிஸ்ரனின் தகப்பன் பஸ்ரியன் கதிரையில் இருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்த மனிதர். முற்றத்துப் பரணில் பழைய வலை விரித்துக் கருவாடு காய்ந்தது. ஷிஹாபையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

"மை சரியில்லை, இவர்தான்," என்று சாந்தரூபன் காதுக்குள் சொன்னான்.

"மை பிழையெண்டால் எழுத்தும் கலங்கியிருக்கும். நெத்தி மட்டும்தான் கலங்கியிருக்கு."

"அப்ப றஞ்சிதமக்கா. பொறாமை."

"நீ ஓட்டோவையே ஓட்டு, தம்பி. அவ நேத்துப் பகல் முழுக்கக் கோயிலில. அதோட, கெடுக்க வந்தவர் ஈர அட்டையை ஒண்டோடொண்டு ஒட்டாமல் வெயிலில பரப்பிக் காயவைப்பாரோ?" பாலேஸ்வரி அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்தத் தாள் நனைஞ்சால் இளகும். கீழ கிடந்த வலையின்ர கண் அப்படியே பதிஞ்சிருக்கு. அந்தப் பரணிலதான் காய்ஞ்சிருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கறையைப் பாருங்கோ. மேலயிருந்து கீழ, பிறகு குறுக்க. எல்லாத்திலயும் ஒரே மாதிரி. தீர்த்தம் தொட்ட பெருவிரல். சவப்பெட்டி மூடமுன்னம் வீட்டாக்கள் நெத்தியில சிலுவை போடுறது வழக்கம். இந்த வீட்டில பெட்டியே இல்லை."

பாலேஸ்வரிக்குக் கால் உளைந்தது. அவருக்கும் பெட்டி மூடக் கிடைக்காத ஒருவர் இருந்தார். பகலில் வீட்டில் இருந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ரியன் தானாகவே சொன்னார். மனைவி செத்தபோதும் அவளுடைய அட்டையில் இப்படித்தான் சிலுவை போட்டவராம். அது பளபளப்பு, தண்ணி மேலே நின்றது, துடைக்கப் போய்விட்டது. அதே நினைப்பில், கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நிழலாய்த் தெரிந்த முகத்தில் போட்டவர். மை கலங்கியது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; இன்று காலை மச்சாள்மார் போட்ட சண்டையும் எந்தத் தாள் என்பதைப் பற்றியது என்றுதான் நினைத்தாராம்.

"ஒண்டில போட்டால் காணாதோ அப்பா?" என்றாள் றஞ்சிதம். குரல் உடைந்திருந்தது.

"எல்லாம் அவன்ர முகம்தானே பிள்ளை. எதை விடுறது?"

பாலேஸ்வரி பிறின்சியிடம் திரும்பினார். "தாளில பிழையில்லை. பளபளப்பெண்டால் துடைச்ச இடமே தெரிஞ்சிராது, அவ்வளவுதான்."

ஷிஹாப் தொண்டையைச் செருமினான். இப்போதே போனால் பூசைக்கு முன் புதிதாக அடித்துத் தரலாம். எந்தத் தாளில் என்று சொன்னால் போதும் என்றான். றஞ்சிதம் பிறின்சியைப் பார்த்தாள். இம்முறை பளபளப்புத்தான் வேணுமென்று நிற்கவில்லை.

"வேண்டாம்," என்றாள் பிறின்சி. "இதையே குடுப்பம்."

பஸ்ரியன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "முகம் தெரியுதோ, மகள்?"

அவள் ஒரு அட்டையை எடுத்து அவர் கைக்குள் வைத்தாள்.

"நெத்திதான் கலங்கியிருக்கு, மாமா. கண் நல்லாத் தெரியுது."