எச்சில் தெளித்த மூலை

மாடக்கண்ணு தண்ணீர் விட்டது இடது கைப் பக்கம் இருந்த கிளாசில். வெளுத்தது வலது கைப் பக்கம் இருந்த கிளாஸ்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் விழுந்த சரக்கு பச்சைப்பசேல் என்று அப்படியே கிடந்தது. தொடாத கிளாசில் மட்டும் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ சுழன்று ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்கப் பால் நிறமாகிவிட்டது. பெருஞ்சீரக எண்ணெய் இறங்கிய சாராயம் தண்ணீர் பட்டால் வெளுக்கும், அதில் ஒன்றும் அதிசயமில்லை. இங்கே தண்ணீர் படாதது வெளுத்திருந்தது. வயசாகுது, கை மாறியிருக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

தென்காசியில் ஒரு அரிஷ்டக் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் வேலை. நிலவேம்பும் கடுகுரோகிணியும் காலையிலிருந்து வாயில் வைத்து வைத்துத் துப்புகிறவனுக்கு உலகத்தில் எதுதான் இனிக்கும்? உமக்குப் பேச்சும் கசந்து போச்சு என்று பெண்டாட்டி மாடத்தி சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும். அந்த நாக்கில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

குற்றாலத்துக்கு அவரை வரவழைத்தவன் ஞானதுரை. பழைய வெள்ளைக்காரன் பங்களா ஒன்றை வாங்கி, எண்பத்திரண்டாம் வருஷச் சீசனுக்குள் லாட்ஜ் ஆக்கிவிட வேண்டும் என்று நாயாய் அலைந்தவனுக்குச் சுவர் அலமாரியை உடைத்தபோது வைக்கோலுக்குள் அரக்கு முத்திரை கலையாத பாட்டில்கள் கிடைத்தன. எவனோ ஒரு துரை சீமையிலிருந்து தருவித்து, குடித்து முடிக்கும் முன்னே இந்த அறையிலேயே செத்துப்போனானாம். ஞானதுரை சொந்தக்காரன் இல்லை, கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். ஆனால் மாடக்கண்ணு மஞ்சள் காமாலையில் கிடந்தபோது ஆசுபத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவன் அவன் ஒருவன்தான். கூடப் பிறந்தவர்கள் வாசல்வரை வந்துவிட்டுப் போனார்கள்.

"நீங்க நல்லதுன்னு சொன்னாத்தான் அண்ணாச்சி நான் வாயில வைப்பேன். நீங்க சொல்லிட்டா வெசத்தையும் குடிப்பேன்" என்று சிரித்துவிட்டு, கொத்தனாரைப் பார்க்கக் குடையோடு போயிருந்தான்.

மதியம்தான். ஆனாலும் சாரலில் அறை இருண்டு கிடந்தது. தூரத்தில் பேரருவி ஓயாமல் இரைந்தது. ஈரச் சுண்ணாம்பு, எலிப்புழுக்கை, ரோட்டில் போகிறவர்கள் உடம்பில் தேய்த்த நல்லெண்ணெய் எல்லா வாசமும் ஓட்டுக்கடியில் தேங்கி நிற்க, அதையெல்லாம் தள்ளிக்கொண்டு எழுந்தது சரக்கின் வாசம். முதலில் பெருஞ்சீரகம், பிறகு கசக்கிய மாசிபத்திரி இலை. ஒரு மடக்கு வாயில் விட்டு உருட்டினார். இனிப்பாக நுழைந்து, நடுநாக்கில் குளிர்ந்து, அடிநாக்கில் போய்க் கசப்பு குத்தவைத்து உட்கார்ந்தது. யோக்கியமான கசப்பு. அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. செம்புக் காசைச் சப்பின மாதிரி.

மயில்துத்தம்.

இலையின் பச்சை இத்தனை வருஷத்தில் சருகு நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். இது பச்சை மாறாமல் இருக்கத் துத்தத்தைக் கொட்டியிருக்கிறார்கள் பாவிகள். வயிறு நிறையக் குடித்தால் குடல் வெந்துவிடும். படிக்கத்தில் துப்பிவிட்டு, விரலால் நாக்கை வழித்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாராயம் எதுவானாலும் விரலை நனைத்து மூன்று சொட்டு சுடலைச் சாமிக்குத் தெளித்த பிறகுதான் அவர் வீட்டு ஆண்கள் வாயில் வைப்பார்கள். கம்பெனி அரிஷ்டத்துக்கு அது கிடையாது. அந்தப் பழக்கத்தில் மறந்திருந்தார். பதறிப்போய், நாக்கை வழித்த அதே விரலைக் கிளாசில் நனைத்து மூலையில் தெளித்தார். எச்சில் என்று உறைத்தபோது சொட்டு விழுந்திருந்தது. எச்சிலைச் சாமி தொடாது. வேறு எது தொடும் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று இடது கிளாசில் தண்ணீர் விட்டதும், மற்றது வெளுத்ததும்.

மூலையில் சத்தம் கேட்டது. தரையை நக்குகிற சத்தம். குரங்காக இருக்கும் என்று நினைத்தார். குற்றாலத்தில் குரங்குக்கா பஞ்சம்? ஆனால் ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்துக் கிடந்தன.

துத்தத்தின் ருசி லேசில் போகாது. மறுநாள் காபிவரை வரும். இப்போது அது இல்லை. கசப்பும் இல்லை. நாக்கைக் கடித்துப் பார்த்தார். ரத்தம் வந்தது. ருசி வரவில்லை.

வெளுத்த கிளாஸ் குறைந்துகொண்டிருந்தது.

இருட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் செருமுகிற மாதிரியே.

"பெருஞ்சீரகம் கூடிட்டு. மாசிபத்திரி பழுதில்ல."

அவருடைய குரல். அவர் வாய் மூடியிருந்தது.

ஓடியிருக்கலாம். காலும் வாசலைப் பார்த்துத்தான் திரும்பியது. ஆனால் ஞானதுரை வருவான். அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் எப்படிப் போவது? அங்கேயே நின்றார்.

வாசலில் குடை உதறும் சத்தம்.

"எப்படி அண்ணாச்சி இருக்கு?"

துத்தம் தம்பி, தொடாதே. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"நல்ல சரக்கு தம்பி" என்றது மூலை. "பயப்படாம குடி."

ஞானதுரை சந்தோஷமாகச் சிரித்தான். மாடக்கண்ணுவைத் தாண்டிப் போய், மூலையைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டான். பாட்டிலைச் சாய்த்தான். மாடக்கண்ணு பாய்ந்து கிளாசைத் தட்டிவிட்டார். கிளாஸ் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் சட்டைகூடக் கசங்கவில்லை.

குடித்தான். முகத்தைச் சுளித்தான். இன்னொரு கிளாசை மூலைக்கு நீட்டினான்.

அதை வாங்கிய கையில் மாடக்கண்ணுவின் மோதிரம் இருந்தது. அவர் சட்டை. அவர் மூக்குக்கண்ணாடி. விரலை நாக்கில் வழித்து, சரக்கில் நனைத்து, மூன்று சொட்டு தெளித்தது.

சொட்டுகள் மாடக்கண்ணுவின் காலடியில் விழுந்தன.

தாகம். அப்படி ஒரு தாகம் அவருக்கு வந்ததே இல்லை. முட்டி தானாக மடங்கியது. கை தரையில் ஊன்றியது.

நக்கினார்.

கசந்தது. துத்தம்தான்.

மேலே ஞானதுரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தான்.