பதினோராவது நாவலின் கதவு

"இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் புளுகுறாங்க. யாருன்னு சொல்லுங்க. அச்சகத்துல வேலையை நிறுத்தி வச்சிருக்கேன்" என்று பதிப்பாளர் அம்மாள் கைப்பையைத் துப்பறிவாளரின் மேசைமேல் வீசினார்.

அவருக்குப் பின்னால் நாவலாசிரியரும் அவர் மனைவியும் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சியில் ஓடும் விண்வெளித் தொடரை நாவலாக்கிப் பதினொரு புத்தகங்கள். அத்தனையும் தான் எழுதியவை என்கிறாள் மனைவி. துப்பறிவாளரின் உதவியாளரான இளம்பெண்ணுக்கு அதைக் கேட்கவே கசந்தது. தொடரையும் முதல் பத்து நாவல்களையும் அந்தப் பெண் கரைத்துக் குடித்திருந்தாள். மூன்றில் நாவலாசிரியரின் கையெழுத்துகூட வாங்கியிருந்தாள்.

"தொடரோட வசனப் பிரதி உங்ககிட்ட வருமா சார்?" என்றார் துப்பறிவாளர்.

"கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோல பூட்டிடுவேன். இவ கண்ணால பாத்ததில்ல. வரி வரியா மூணு தடவை படிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். நான் சொல்லச் சொல்ல இவ டைப் அடிப்பா. அவ்வளவுதான் இவ கிழிச்சது."

"நான் டிவியைப் பாத்து எழுதினேன். அட்டையில பேரை மட்டும் இவர் எழுதினார்" என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பாமலே.

நாவலாசிரியர் கொண்டுவந்திருந்த பிரதியையும் புது நாவலின் அச்சுப்படியையும் துப்பறிவாளர் அருகருகே விரித்தார். அரைமணி நேரம் வரி வரியாக ஒப்பிட்டார். பிறகு உதவியாளரைக் கேட்டார்.

"தலைவன் தப்பிச்சுப் போற கதவைத் திரையில காட்டினாங்களா?"

"இல்ல சார். வசனத்துல பேரு மட்டும்தான் வரும்."

"பிரதியில அது 'ஒலிக்கதவு'. குரல் கேட்டா திறக்கும்னு அடைப்புக்குள்ள குறிப்பும் இருக்கு. நாவல்ல 'ஒளிக்கதவு'."

"பாத்தீங்களா இவ டைப் அடிக்கிற லட்சணத்தை!" நாவலாசிரியர் துள்ளி எழுந்தார். உதவியாளருக்கு உயிர் வந்தது.

"ஒரு எழுத்து மாறினா டைப் பிழை சார். இங்க கதவு ஒரு பக்கம் முழுக்க ஜொலிக்குது. வீரர்கள் கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடுறாங்க. ஒருத்தனுக்குப் பார்வையே போயிடுது. பிரதியை மூணு தடவை படிச்சவருக்கு இது எப்படித் தோணும்? தொடர்ல தலைவனா நடிக்கிறவர் வாயில லகரமும் ளகரமும் ஒண்ணுதான். காதால மட்டும் கேட்டவங்க எழுதினது இது."

நாவலாசிரியர் முகம் கறுத்தது. "எழுதினது யாரா இருந்தா என்ன? என் பேருக்குத்தான் ஜனங்க வாங்குறாங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். உதவியாளர் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதிப்பாளர் அம்மாள் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தப் பெயரால் பிழைத்தவர் அவரும்தானே. விருட்டென்று தொலைபேசியை எடுத்து, "அட்டையில பேரு மாறுது" என்று அச்சகத்துக்குச் சொன்னவர், மனைவியிடம் சிடுசிடுத்தார். "எப்படிப் போடணும்?"

"இவர் பேரை ஒட்ட வைக்காதீங்க. என் பேரு மட்டும்."

கணவர் நின்று கேட்டுக்கொண்டிருக்க, அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.